சுவிட்சைப் போடும் முன்

1985-இல் எங்கள் பள்ளிக்கு பிபிசி மைக்ரோ வந்தது. மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டத்தில் வந்த கணினி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக முடியும். ஒன்றுக்கு நாலு பேர். வருடம் முழுக்கச் சேர்த்தாலும் விசைப்பலகையில் என் கை பட்டது அரை மணி நேரம் இருக்கலாம். அந்த ஏக்கம் போகவே இல்லை. இங்கிலாந்தில் குடியேறிப் பல வருடம் கழித்து, அதே பிபிசி மைக்ரோவில் ‘மாடல் பி’ என்ற பழைய கணினி ஒன்றை வாங்கினேன்.

அதை டிவியில் இணைக்க எந்த கேபிள் வாங்கலாம் என்று, இவற்றைப் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் பதிலுக்குக் கேட்டது: “கரண்ட் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் கொடுக்க வேண்டாம்.”

கணினியின் பவர் சப்ளைக்குள் ‘ரிஃபா’ என்ற பிராண்டு கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சிறு பாகம்) இரண்டு இருக்கும். வயதாக ஆக மேலுறையில் விரிசல் விழுந்து, உள்ளே இருக்கும் காகிதம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சுவிட்சைப் போட்ட கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்கப் புகை, நாற்றம்.

அவற்றை மாற்ற சால்டரிங், அதாவது ஈயத்தை உருக்கிப் பற்றவைப்பது, எனக்குத் தெரியாது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொன்னேன். சனிக்கிழமை அவரே வந்துவிட்டார், புது கெப்பாசிட்டர்களும் சால்டரிங் அயர்னுமாக. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும்வரை தொடாமல் காத்திருக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிக்கொடுத்தார். இரண்டில் 0.1 மைக்ரோஃபாரட் அளவுள்ள கெப்பாசிட்டரை அவர் மாற்றினார். அப்புறம் அயர்னை என் கையில் கொடுத்து, “0.01 உங்களுடையது” என்றார். இரண்டு தடவை தப்பாக வைத்தேன். அவசரப்படுத்தவே இல்லை.

சுவிட்சைப் போட்டதும் அந்தப் பழைய ‘பூ-பீப்’ சத்தம். திரையில் ‘பிபிசி கம்ப்யூட்டர் 32கே’. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். டீ குடித்துவிட்டுக் கிளம்பும்வரை ஒரு விசையைக்கூட அவர் தொடவில்லை.

பதில்:

படித்ததும் என் கமடோர் 64 ஞாபகம் வந்துவிட்டது அண்ணா, அதுவும் அந்தக் காலத்து வீட்டுக் கணினிதான். டொராண்டோவில் ஒருவரிடம் வாங்கப் போனேன். பழைய பவர் அடாப்டரை மட்டும் தர மறுத்துவிட்டார். மீட்டரை வைத்துக் காட்டினார்: 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 6-க்கு மேல். அது மெமரி சிப்புகளைத் தின்றுவிடுமாம். தன்னுடைய இன்னொரு 64-க்குப் பயன்படுத்திக்கொண்டிருந்த புது அடாப்டரைக் கழற்றி அதே விலைக்குள் கொடுத்தார். அவருடைய 64 அன்றிலிருந்து எத்தனை நாள் சும்மா கிடந்ததோ!