கரத்தை மாட்டின் மூக்கில் புகுந்த அட்டை

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு சரித்திரக் கதை எழுதி வருகிறேன். இலங்கை மலைநாட்டில் கோப்பி பயிரிட்ட காலத்தில், கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் நடக்கிறது. ரயில் 1867இல் கண்டிக்கு வந்துவிட்டது. நுவரெலியாவுக்குக் கிட்ட இருக்கும் நானுஓயா வரை ஏற 1885 ஆயிற்று. அதுவரை மேட்டுத் தோட்டங்களின் கோப்பியைக் கீழே இறக்கியது மாட்டுக்கரத்தை, அதாவது மாட்டு வண்டிதான். என் கதைக்காரி ஒரு கரத்தைக்காரரின் மகள். அவர்களுடைய மாட்டுக்கு ஒரு வருத்தம் வருகிறது, அவள் அதைக் குணமாக்க வேண்டும்.

என்ன வருத்தம் என்பதில்தான் நின்றுபோயிருந்தேன். மந்திரம் போட்ட பச்சிலையை அரைத்துப் பூசியதும் மாடு எழுந்து நின்றது என்று எழுத எனக்கு மனமில்லை. லயத்துப் பிள்ளைகள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் இருக்கும் பிள்ளைகள், மாட்டோடு வளர்கிறவர்கள்.

பக்கத்துத் தோட்டத்தில் மாட்டு வைத்தியம் தெரிந்த தாத்தா ஒருவர் இருக்கிறார். கேட்கப் போன நேரம் அவருடைய பட்டியில் ஒரு கன்று தலையை உதறி உதறித் தும்மிக்கொண்டிருந்தது. ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தம். "ஓடைத் தண்ணி குடிக்கையில அட்டை ஏறியிருக்கு டீச்சர். நேத்திலேருந்து தண்ணி காட்டல" என்றார். கன்றை முளையோடு சேர்த்துக் கட்டி, ஒரு வாளித் தண்ணீரை அதன் மூக்குக்குக் கீழே பிடித்தார். கன்று பாய்ந்தது. வாளியைப் பின்னுக்கு இழுத்தார். மறுபடி கிட்டக் கொண்டுபோனார். கொஞ்ச நேரத்தில் மூக்குத் துவாரத்திலிருந்து கறுப்பாக ஒன்று நாக்கு போல நீண்டு தண்ணீரைத் தேடியது. நான் பதறி, "பிடிங்க தாத்தா" என்றேன். அவர் அசையவில்லை. அது உள்ளே போனது, திரும்ப வந்தது, இன்னும் நீளமாக. அப்புறம்தான் சாம்பல் தொட்ட துணியால் பிடித்து, அவசரப்படாமல் இழுத்தெடுத்தார். "அவசரப்பட்டா பாதி உள்ள நின்னுக்கும். சாம்பல் இருந்தா வழுக்காது" என்றார். பிறகு வாளி முழுவதையும் கன்றுக்கே விட்டுவிட்டார்.

எனக்குக் கதை கிடைத்துவிட்டது.

அந்தப் பகுதியை எழுதி எங்கள் வாசிப்பு வட்டத்தில் படித்தேன். அட்டை வெளியே வருமிடத்தில் பிள்ளைகள் கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன், கத்தினார்கள். ஆனால் அவர்கள் பேசியது தண்ணீரைப் பற்றி. "அவளுக்குப் புடிச்ச மாடுதானே டீச்சர், தாகத்துல விடுறது பாவமில்லையா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். இன்னொருவன், "ராத்திரி மாடு கத்துனா அவ தூங்கியிருக்க மாட்டா" என்றான். சரி, அந்த இரவையே தனி அத்தியாயமாக எழுதிவிட்டேன். கரத்தைக்கு அடியில் படுத்துக்கொண்டு, கையெட்டும் தூரத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டு, கொடுக்காமல் இருக்கிறாள். அவளோடு விழித்திருக்கும் சிங்களக் கரத்தைக்காரரின் மகன், பாம்பின் வயிற்றை அறுத்துச் சுகப்படுத்திய அநுராதபுரத்து புத்ததாச மன்னனின் கதையைச் சொல்கிறான். யானைக்கும் குதிரைக்கும்கூட வைத்தியர்களை வைத்த அரசன் என்று பழைய வரலாற்று நூல் சொல்லும் நான்காம் நூற்றாண்டு மன்னன் அவன்.

கதையில் அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். இந்தியாவிலிருந்து வந்திறங்கி மன்னாரிலிருந்து தம்புள்ளை, மாத்தளை என்று காட்டு வழியே குடும்பம் நடந்து வந்தபோது வாந்திபேதியில் போய்விட்டான். இதை வாசித்ததும் ஒரு பையன், "மாட்டுக்கு வைத்தியம் தெரிஞ்சவங்க தம்பிக்கு ஏன் செய்யல?" என்று கேட்டான். வாந்திபேதிக் கிருமியைக் கொக் என்ற ஜெர்மன் மருத்துவர் இனங்கண்டது 1884இல்தான் என்றேன். உப்பும் சீனியும் கலந்த தண்ணீரைக் கொடுத்து உயிர் காக்கலாம் என்று உலகம் அறிந்தது அதற்கும் பல பத்தாண்டுகள் கழித்து. தோட்டத் தொழிலாளர்களின் மருத்துவத்துக்கென்று இலங்கையில் சட்டம் வந்ததே 1872இல். அத்தனை பேர் அந்தப் பாதையோரம் விழுந்து செத்தபின் வந்த சட்டம். அவன் கேட்டுவிட்டு, "அப்ப தம்பிக்குத் தண்ணி குடுத்திருக்கணும், மாட்டுக்குக் குடுக்கக் கூடாது" என்றான். அந்த வாக்கியம் அப்படியே கதைக்குள் போய்விட்டது, அவள் வாயால்.

தம்பியைப் பிழைக்க வைத்துவிடுங்கள், சின்னப் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று சில ஆசிரியர்கள் சொன்னார்கள். எனக்கு உடன்பாடில்லை. இந்தப் பிள்ளைகளின் முன்னோர் நடந்த பாதை அது. அந்தச் சாவுகளை அழித்துவிட்டு மாட்டுக் கதை மட்டும் சொல்ல என்னால் முடியாது.

அடுத்த அத்தியாயத்தில் மாட்டுக்கு லாடம் அடிக்க வேண்டும். மாட்டைச் சாய்த்துக் கால்களைக் கட்டுவார்கள் என்பது மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன். உங்கள் தாத்தா, அப்பா யாராவது கரத்தை ஓட்டியவர்களாக இருந்தால், எப்படிச் சாய்த்தார்கள், அந்த நேரம் மாட்டின் தலைமாட்டில் யார் உட்கார்ந்திருந்தார்கள், என்ன சொல்லி அதை அமர்த்தினார்கள் என்று இங்கே எழுதுங்கள்.