முகக்கரை: கைக்கடிகாரத்தின் பெசலுக்கு ஒரு சொல்

வணக்கம் நண்பர்களே,

புதுக் கடிகாரம் கையில் ஏறி இன்றோடு ஒன்பது நாள். கறுப்பு எஃகு, மலையேறுகிறவர்களுக்கும் காட்டுப்பாதையில் நடக்கிறவர்களுக்கும் என்று செய்த வகை. கட்டியதும் முதலில் தெரிந்தது கனம். அப்புறம் அந்தக் கறுப்பு. எண்ணெய் இறங்கிப் பழகிய தோசைக்கல்லுக்கு ஒரு கறுப்பு இருக்குமே, அந்த மாதிரி. சாயம் பூசியதல்ல, வெற்றிடக் கலத்தில் ஆவியாக்கிப் படியவைத்த பூச்சு. தடிமன் சில மைக்ரான்தான். அதனால் பூட்டின் ஓரத்தில், மேசையில் உரசும் இடத்தில், மெல்லிய வெள்ளிக்கோடு ஒன்று அதற்குள் எட்டிப் பார்க்கிறது. நம்ம சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் எஃகுப் பட்டை மணிக்கட்டோடு ஒட்டிக்கொள்கிறது, மதியமானால் ஒரு துளை தளர்த்திக் கட்ட வேண்டியிருக்கிறது. மற்றபடி மனசுக்குப் பிடித்துவிட்டது.

இதைப் பற்றித் தமிழில் நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தபோதுதான் சிக்கல். பட்டை மாட்டும் இடத்துக்குக் 'காது' இருக்கிறது. ஊசிக்கும் பானைக்கும் காது இருக்கும்போது கடிகாரத்துக்கு இருக்கக்கூடாதா? இருட்டில் மின்னும் முட்களுக்கு 'ஒளிர்பூச்சு' போதும். ஆனால் கண்ணாடியைச் சுற்றி, எண்களும் கோடுகளும் பொறித்து நிற்கும் பெசலுக்கு? போன மடலில் அதற்குத் தமிழ்ச்சொல்லாகக் 'கரை' என்று முன்வைத்தேன். வந்த மறுப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> 'சுழல்வளையம்' என்றே வைத்துவிடலாமே. கேட்டவுடன் புரியுமே.

புரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாப் பெசலும் சுழல்வதில்லை. வேகம் கணக்கிடும் எண்களைப் பொறித்த பெசல் அசையாமல் நிற்கும். அதுவும் போக, தண்ணீர் புகாமல் பின்மூடிக்குள் வைக்கும் ரப்பரும் வளையம், பட்டையின் நுனியைச் செருகும் இடமும் வளையம். பழுதுபார்க்கிறவர் 'வளையம் மாற்றணும்' என்றால் எதை மாற்றப்போகிறார்?

> 'முகவிளிம்பு' பொருந்தும். 'விளிம்பு' ஏற்கனவே கணிதத்தில் பழகிய சொல்.

கணிதத்தில் பழகியதுதான் எனக்குத் தடை. விளிம்புக்கு அகலம் கிடையாது, அது ஒரு பொருள் முடியும் கோடு. பெசலுக்கு அகலம் உண்டு, அதன்மேல் எழுத்தும் உண்டு. தீபாவளிக்கு வேட்டி எடுக்கப் போன வாரம் சிராங்கூன் சாலையில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு வேட்டியை உதறி விரித்து, 'ஒரு விரல் கரை போதுமா, நாலு விரல் வேணுமா?' என்று கேட்டார். அப்போது அவர் விரல் அந்தக் கரையின் குறுக்கே கிடந்தது. அகலம், நிறம், வேலைப்பாடு எல்லாம் உள்ள ஓரம்! நான் தேடியது அதுதான். குளத்து நீரைக் கரை பிடித்து நிறுத்துவதுபோல் கண்ணாடியைப் பெசல் பிடித்து நிறுத்துகிறது. அதன் முதல் வேலையே அதுதான். எண்கள் பிறகு வந்தவை.

> என் கடிகாரத்தில் திசை எழுத்துகள் உள்ளன. அதற்குத் 'திசைகாட்டி வளையம்' சரிதானே?

என்னுடையதிலும் அதேதான். இந்தக் கேள்வியைக் கையிலேயே சோதித்துப் பார்த்துவிட்டேன். சூரியனை நோக்கி மணிமுள்ளை நீட்டி, அதற்கும் 12-க்கும் நடுவே உள்ள திசையைத் தெற்கு என்று கொண்டு பெசலைத் திருப்ப வேண்டும். வடகோளத்துக்கான வழி இது. செப்டம்பர் கடைசி ஞாயிறு, காலை 9 மணி, மெக்ரிச்சி நீர்த்தேக்கப் பாதை. வெயில் மரங்களுக்கிடையே நேர் கிழக்கிலிருந்து விழுந்தது. கடிகாரமோ தென்கிழக்கைத் தெற்கு என்றது. 45 பாகை பிழை!

கடிகாரத்தின்மேல் குற்றமில்லை. நாம் நிலநடுக்கோட்டுக்குச் சற்று மேலே, ஒன்றேகால் பாகையில் இருக்கிறோம். மார்ச், செப்டம்பர் மூன்றாம் நான்காம் வாரங்களில் சூரியன் காலை முழுக்க ஏறக்குறையக் கிழக்கிலேயே ஏறி உச்சிக்கு வரும், தெற்குப் பக்கம் பெரிதாகச் சாயாது. ஜூனில் நண்பகல் சூரியன் வடக்கில் நிற்கும். போதாததற்கு 1982 ஜனவரி 1 முதல் நம் மணி அரைமணி முன்னே தள்ளப்பட்டதால் இங்கே உச்சிப்பொழுது ஏறக்குறைய ஒரு மணிக்குத்தான். ஆகவே இந்த உறுப்பு தானாக எந்தத் திசையையும் காட்டாது. திசைகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது, அவ்வளவுதான். காந்த ஊசி உள்ள கருவிக்குத் 'திசைகாட்டி' இருக்கட்டும். இதைத் 'திசைக்கரை' என்பதே உண்மையான பெயர். காட்டில் அதை நம்பி நடக்கிறவருக்குப் பெயர் தப்பான உறுதி தரக்கூடாது என்பதில் எனக்கு அக்கறை உண்டு.

> பேச்சில் 'கரை'யும் 'கறை'யும் ஒன்றாகிவிடும். 'கறுப்புக் கரை' என்றால் அழுக்கு என்று நினைப்பார்கள்.

நான் பதில் தேடித் திணறிய மறுப்பு இது ஒன்றுதான். நம் பிள்ளைகள் பலர் ர, ற இரண்டையும் ஒரேபோல்தான் சொல்கிறார்கள். புடவைக் கடையில் யாரும் குழம்புவதில்லை என்று வாதாடலாம், ஆனால் அங்கே புடவை கண்முன் இருக்கிறது. அதனால் என் பழைய மடலைத் திருத்திக்கொள்கிறேன்: தனிச்சொல்லாக 'முகக்கரை', கூட்டுச்சொற்களில் 'கரை'. மறுத்தெழுதிய அக்காவுக்கு நன்றி.

புதுச்சொல் நிற்குமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 'அங்காடி' பழைய சொல். இன்று உணவங்காடி நிலையம் என்றால் தீவில் எந்தத் தமிழருக்கும் தட்டும் மேசையும் கண்ணில் வந்துவிடுகிறது. பழகிய வேர் இருந்தால் சொல் நிற்கும்.

நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க என் வரைவு:

முகக்கரை: கைக்கடிகாரக் கண்ணாடியைச் சுற்றிப் பிடிக்கும், அகலமுள்ள ஓரப்பகுதி. அசையாதது நிலைக்கரை, திரும்புவது சுழல்கரை. நீரில் மூழ்குகிறவர்களின் கடிகாரத்தில் இடப்புறமாக மட்டும் திரும்புவது ஒருவழிச் சுழல்கரை. தெரியாமல் இடித்து நகர்ந்தாலும் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், ஆகவே மூழ்கியவர் காற்று தீருமுன் மேலே வந்துவிடுவார்.

அடுத்து, பக்கவாட்டுக் குமிழ். தாத்தா காலத்தில் 'சாவி கொடுத்தியா?' என்று கேட்டார்கள். இப்போது பல கடிகாரங்களில் சாவி கொடுக்கும் வேலையே இல்லை, குமிழ் மட்டும் இருக்கிறது. 'சாவி'யையே வைத்துக்கொள்ளலாமா? வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.