பின்சக்கரப் பெல்ட்டின் இறுக்கத்தை எந்த இடத்தில் அளக்க வேண்டும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் மோட்டார் சைக்கிளில் சங்கிலி கிடையாது. பல் வைத்த பெல்ட்தான் பின்சக்கரத்தைச் சுழற்றுகிறது. சென்ற வாரம் பின் டயரை மாற்றுவதற்காகச் சக்கரத்தைக் கழற்றினேன். திரும்பப் பொருத்தியபோது, சங்கிலி வண்டியில் பழகிய கையாதலால், விரலால் அழுத்திப் பார்த்து உத்தேசமாகவே பெல்ட்டை இறுக்கிவிட்டேன். இப்போது வேகம் கூடக்கூட ஊளையிடுவது போன்ற சத்தம் எழுகிறது. கையேட்டில் உள்ளபடி, கீழ்ப்பக்கப் பெல்ட்டின் நடுவில் 4.5 கிலோ விசையால் மேல்நோக்கித் தள்ளி அளந்தேன். ஓரிடத்தில் 6 மி.மீ. தொய்வும், சக்கரத்தை அரைச்சுற்று உருட்டிய பின் 10 மி.மீ. தொய்வும் கிடைக்கின்றன. இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1

சராசரி எடுக்காதீர்கள். சக்கரத்தைச் சிறிது சிறிதாக உருட்டிப் பல இடங்களில் அளந்து, தொய்வு மிகக் குறைவாக உள்ள இடத்தில் கையேட்டின் அளவு கிடைக்குமாறு சரிசெய்யுங்கள். தொய்வான இடத்தை வைத்துச் சரிசெய்தால், இறுக்கமான இடம் வரும்போதெல்லாம் கியர்பெட்டித் தண்டின் பேரிங்கும் சக்கரத்தின் பேரிங்கும் தேவையற்ற சுமையைத் தாங்க நேரிடும். உங்கள் ஊளைச் சத்தத்துக்கும் மிகை இறுக்கமே காரணமாக இருக்கலாம். மாறாக, அளவுக்கு மீறித் தளர்ந்த பெல்ட், வண்டியை வேகமாகக் கிளப்பும்போது பல் தாவும்.

வண்டி நன்றாகக் குளிர்ந்த பிறகு, நியூட்ரலில் வைத்து அளக்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் நிறுத்த வேண்டுமா, நிமிர்த்திப் பிடிக்க வேண்டுமா, ஆள் அமர்ந்திருக்க வேண்டுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். இதை அற்பமாக எண்ண வேண்டாம். கியர்பெட்டிப் புல்லியின் (பெல்ட் சுற்றியோடும் பல் சக்கரத்தின்) மையம், பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்மின் மூட்டு, பின் அச்சு ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் இரு புல்லிகளுக்கும் இடையிலான தூரம் மிக அதிகமாகிறது. ஆகவே, பின்பக்கம் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதே பெல்ட் வேறு வேறு அளவுகளைக் காட்டும்.

பதில் 2

மேலே நண்பர் கூறியவற்றுடன், சக்கரம் நேராக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அச்சை முன்பின் நகர்த்தும் இருபுறச் சரிசெய் போல்ட்டுகளையும் சமமாகத் திருப்பிய பிறகு, ஸ்விங் ஆர்ம் மூட்டின் மையத்திலிருந்து அச்சின் மையம் வரையுள்ள தூரத்தை இரு பக்கமும் அளந்து ஒப்பிடுங்கள். சக்கரம் கோணலாக இருந்தால் பெல்ட்டின் விளிம்பு புல்லியின் ஓரத்தில் உரசிக் கீச்சிடும். அந்தச் சத்தத்தை இறுக்கத்தை மாற்றிப் போக்க முடியாது. எந்தச் சத்தமாக இருந்தாலும், சங்கிலிக்கு அடிக்கும் எண்ணெயைப் பெல்ட்டில் அடித்துவிடாதீர்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மிக இறுக்கமான இடத்தில் கையேடு கூறும் 10 மி.மீ. தொய்வை வைத்தேன். ஆனால் அச்சின் நட்டை டார்க் ரெஞ்சால் (குறித்த விசைக்கு முறுக்கும் கருவியால்) முறுக்கிய பின் அளந்தால் 8 மி.மீ. ஆகிவிட்டது. ஏன்?

பதில் 1

நட்டை முறுக்கும்போது அச்சு சற்று நகர்வது இயல்பே. நட்டைத் தளர்த்தி, போல்ட்டுகளையும் சிறிது பின்வாங்கச் செய்து, சக்கரத்தை முன்னோக்கித் தள்ளி அவற்றின் மேல் நன்றாகப் பதியவிட்டு, மறுபடி முறுக்கி அளந்து பாருங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கலாம். முழு விசையில் முறுக்கிய பின் கிடைப்பதே இறுதியான அளவு.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். டயர் மாற்றியபோது பெல்ட்டை எங்கேனும் கூர்மையாக மடித்தோ முறுக்கியோ வைத்தீர்களா? அதன் உள்ளே இழுவிசையைத் தாங்கும் இழைகள் அவ்வாறு மடங்கினால், வெளியே அடையாளம் தெரியாமலேயே முறிந்துவிடக்கூடும். அப்படி நேர்ந்திருந்தால், இறுக்கம் சரியாக அமைந்தாலும் அந்தப் பெல்ட்டை மாற்றிவிடுங்கள். பற்களின் அடியில் வெடிப்போ, கல் புகுந்து துளைத்த தடமோ இருக்கிறதா என்றும் விளக்கொளியில் ஒரு முழுச் சுற்றுப் பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்

மடிக்கவில்லை, அகன்ற வளையமாகவே தொங்கவிட்டிருந்தேன். நீங்கள் கூறியபடி இரண்டாம் முறை முறுக்கியபோது 10 மி.மீ. நிலைத்துவிட்டது. ஓட்டிப் பார்த்தேன், ஊளைச் சத்தம் இல்லை.