மஹிந்திரா தார் வண்டிக்குத் தடித்த ஸ்வே பார்: போடலாமா, உள்ளதையும் கழற்றிவிடலாமா?

ஆழியாறு நாற்பது:
வணக்கம். என்னுடையது 2021 மாடல் தார், டீசல், ஹார்டு டாப். வாங்கிய மறு வருடமே இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டேன். டயரும் ஒரு அளவு பெரியது. கூரைமேல் கேரியர், அதில் இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, ஒரு கூடாரம், மண்வெட்டி.
அம்மாவுக்குப் பிறந்த ஊர் வால்பாறை. மாதம் ஒருமுறையாவது கூட்டிப் போகிறேன். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவு தாண்டுவதற்குள் அம்மா எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துவிடுகிறார். வைக்கோல் ஏற்றிய வண்டிபோல ஒவ்வொரு திருப்பத்திலும் சாய்ந்து சாய்ந்து எழுகிறது.
கோவையில் ஒரு கடையில் காட்டினேன். முன்னும் பின்னும் இப்போது உள்ளதைவிட 3 மி.மீ. தடித்த ஸ்வே பார் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். ஆனால் விடுமுறையில் பாறை, ஓடை என்று இறங்குகிறவன் நான். போட்டால் அங்கே கெட்டுவிடுமா?

தடித்த கம்பி:
யோசிக்காமல் போடுங்கள். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் முறுக்குக் கம்பிதான் ஸ்வே பார். மெக்கானிக் கடையில் ஸ்டெபிலைசர் ராடு என்பார்கள். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது இந்தக் கம்பி முறுக்கேறி, சாய்வை எதிர்க்கிறது. அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். எடுத்துக்காட்டுக்கு, 24 மி.மீ. கம்பியை 27 ஆக்கினால் விறைப்பு 1.6 மடங்கு. வெறும் 3 மி.மீ.தானே என்று நினைத்துவிடாதீர்கள்.
வருடத்தில் எத்தனை நாள் பாறையில் ஏறுகிறீர்கள்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். மீதி நாளெல்லாம் தார்ச்சாலைதானே?

கமான் பட்டை:
அடடா, வந்துவிட்டார் கம்பி வியாபாரி.
தம்பி ஆழியாறு, நான் முப்பது வருடமாக ஜீப் ஓட்டுகிறவன். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் பழைய ஜீப்புகள் ஏறுவதைப் பார்த்திருப்பாய். முன்னும் பின்னும் கமான் பட்டை, அதாவது அடுக்கிய எஃகுப் பட்டை ஸ்பிரிங். கம்பியும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் இன்னொன்று தன் வேலையைப் பார்க்கும். நான்கு சக்கரமும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் வண்டி ஏறும். அந்தக் கம்பியோ இடது சக்கரம் இறங்க நினைத்தால் வலது பக்கத்தைப் பிடித்து இழுக்கிறது. அதைத் தடிப்பாக்கச் சொல்கிறார் இவர்! காட்டுக்குள் போகும் வண்டிக்கு அது கால்விலங்கு. கழற்றி வீட்டில் வை.

தடித்த கம்பி:
ஐயா, அந்த ஜீப்புகள் அந்தப் பாதையில் நடக்கிற வேகத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் போகின்றன. இவர் வால்பாறைச் சாலையில் எதிரே பஸ் வரும்போது, மழையில், அம்மாவை உட்காரவைத்து ஓட்டுகிறார். இரண்டும் ஒன்றா?

ஜிம்னி சித்தப்பா:
நடுவில் நுழைகிறேன். கழற்றுவதா வேண்டாமா என்பதற்கு வண்டியைப் பொறுத்துத்தான் பதில். என் மாருதி ஜிம்னிக்கு முன்னாலும் பின்னாலும் இரு சக்கரத்தையும் சேர்க்கும் முழு அச்சு, மூன்று இணைப்புக் கரங்கள், காயில் ஸ்பிரிங். ஸ்டெபிலைசர் முன்னால் மட்டும்தான். தாருக்கு முன்னால் இரட்டை விஷ்போன், அதாவது சக்கரத்துக்கு மேலும் கீழும் ஒரு கரம்; தனித்தனிச் சக்கரம். பின்னால்தான் முழு அச்சு. ஸ்டெபிலைசரோ இரண்டு பக்கமும் உண்டு.
போன தீபாவளி விடுமுறையில் நானும் ஒரு தார் நண்பரும் வீட்டு முன்னால் சோதித்துப் பார்த்தோம். இரண்டு அங்குலப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஆணி அடித்து, இடது முன்சக்கரத்தை அதன்மேல் ஏற்றுவது. இடது பின்சக்கரம் தரையை விட்டு எழும்வரை பலகையைக் கூட்டுவது. ஜிம்னியில் லிங்க் ராடு (ஸ்வே பாரின் முனையை அச்சோடு இணைக்கும் சிறு கம்பி) மாட்டியிருந்தபோது ஏழாவது பலகையில் பின்சக்கரம் எழுந்தது. கழற்றியபின் ஒன்பதாவது வரை தரையிலேயே இருந்தது. தாரில்? முன்பக்கம் கழற்றுவதற்கு முன்பும் எட்டு, பின்பும் எட்டு. எட்டாவதில் கொஞ்சம் தயங்கி எழுந்தது, அவ்வளவுதான். விஷ்போன் கரமும் அதன் பந்து மூட்டும் எவ்வளவு தூரம் இறங்க விடுகின்றனவோ அவ்வளவுதான் சக்கரம் இறங்கும். கம்பியைக் கழற்றி என்ன பயன்?
(பலகைமேல் வண்டி ஏற்றியதற்கு என் மனைவி திட்டியது தனிக்கதை. யாரும் வீட்டில் செய்யாதீர்கள்.)

கமான் பட்டை:
எட்டுக்கும் எட்டரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றவனைக் கேள் தம்பி, அந்த அரையின் அருமையைச் சொல்வான்.
ஜீப் ரூபிகானில் ஏன் பொத்தானை அழுத்தினால் முன்கம்பி பிரிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள்? வேலை இல்லாமலா?

ஜிம்னி சித்தப்பா:
ஐயா, ரூபிகானுக்கு முன்னால் முழு அச்சு. அதனால் அங்கே பயன் இருக்கிறது. அதிலும் மணிக்கு ஏறக்குறைய 29 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் கம்பி தானே திரும்ப இணைந்துகொள்ளும். கழற்றியபடி சாலையில் ஓட்டக் கூடாது என்று கட்டியவர்களே நினைத்திருக்கிறார்கள். ஸ்பேனரால் கழற்றினால் நினைவூட்ட யாரும் இல்லை. கழற்றிய லிங்க் ராடைப் பிரேக் குழாயில் உரசாமல் கட்டிவைக்க வேண்டும். இறங்கியதும் மறுபடி மாட்ட வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் மாட்ட மறந்து பொள்ளாச்சி வரை வந்துவிட்டார். ஒரு நாய் குறுக்கே வந்தது, ஸ்டீயரிங்கை ஒடித்தார். வண்டி எந்தப் பக்கம் போவது என்று கொஞ்ச நேரம் முடிவு செய்யவே இல்லையாம். அதற்குப் பிறகு அவர் லிங்க் ராடில் கைவைப்பதில்லை.

கணக்குப்பிள்ளை:
இரண்டு கட்சிக்கும் ஒரு சந்தேகம் கேட்கலாமா? தடித்த கம்பி போட்டால் வண்டி கவிழாது என்று பலர் நம்புகிறார்கள். வளைவில் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு எவ்வளவு எடை மாறுகிறது என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: வண்டியின் எடை நிற்கும் உயரம், இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலம், வளைவை எடுக்கும் வேகம். கம்பிக்கு அதில் பங்கு மிகக் கொஞ்சம். சாய்வு தெரியாமல் போகும், எடை மாறுவது நிற்காது. சொல்லப்போனால் சாய்வு என்பது ஓட்டுநருக்கு வண்டி சொல்லும் எச்சரிக்கை. அதன் வாயைக் கட்டிவிட்டு வேகத்தைக் கூட்டுகிறோம்.
கம்பியால் மாற்ற முடிவது, மாறும் எடையில் முன் அச்சின் பங்கு எவ்வளவு, பின் அச்சின் பங்கு எவ்வளவு என்பதை. முன்னால் விறைப்புக் கூடினால் வண்டி திரும்ப மறுத்து வெளியே போகும். பின்னால் கூடினால் வால் வழுக்கும். தாரில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 2450 மி.மீ.தான். குட்டை வண்டியில் வால் வழுக்க ஆரம்பித்தால் கண் இமைப்பதற்குள் சுற்றிவிடும்.
இன்னொன்று: சாதாரண நிலையில் இது பின்சக்கரம் இழுக்கும் வண்டி. பின்கம்பியைத் தடிப்பாக்கினால் ஏற்ற வளைவில் உள்பக்கப் பின்சக்கரத்தின் பிடி குறையும். இரு பின்சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் லாக்கர் இல்லாத வண்டியில் அந்தச் சக்கரம் ஈரச் சாலையில் சும்மா சுழலும். கடைக்காரர் இரண்டையும் ஒரே அளவு கூட்டச் சொன்னாரே, கணக்குப் போட்டா சொன்னார், கையிருப்பைப் பார்த்துச் சொன்னாரா?

தடித்த கம்பி:
கையிருப்பைப் பார்த்துத்தான் என்று வைத்துக்கொள்வோம். என் தாரில் முன்னால் மட்டும் மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. காரவள்ளி வழியாகக் கொல்லிமலை, 70 வளைவு. பின்னால் உட்கார்ந்த பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வந்தார்கள். உங்கள் கணக்கைவிடத் தூங்கும் பிள்ளை பெரிய சாட்சி.

கணக்குப்பிள்ளை:
பிள்ளைகள் கரட்டுப் பாதையிலும் தூங்கினார்களா?

தடித்த கம்பி:
இல்லை. அங்கே தலை கதவில் இடித்து எழுந்துவிட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் அந்தக் குலுக்கலை கம்பி மறுபக்கத்துக்கும் கொண்டுபோகிறது. உள்ளே இருப்பவர் தலை இடமும் வலமும் ஆடும். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும் வேகத்தடையில் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அப்போது கம்பி முறுக்கேறுவதே இல்லை. ஒற்றைச் சக்கரக் கல்தான் வில்லங்கம். ஆனாலும் எனக்கு அந்த விலை சம்மதம். தார்ச்சாலைதான் என் வாழ்க்கை.

கமான் பட்டை:
பார்த்தாயா ஆழியாறு? அவர் வாயாலேயே வந்துவிட்டது.

ஜிம்னி சித்தப்பா:
மெல்லிய கம்பி போடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதை இங்கே யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஜீப்புகளுக்குக் கரி (Currie) நிறுவனத்தின் ஆன்டிராக் (Antirock) என்று ஒன்று கிடைக்கிறது. நேரான முறுக்குக் கம்பி, இரு முனையிலும் துளையிட்ட கரங்கள். லிங்க் ராடை எந்தத் துளையில் மாட்டுகிறோமோ அதைப் பொறுத்து விறைப்பு மாறும். கரம் நீண்டால் விறைப்புக் குறையும். கழற்றி மாட்டும் தொல்லை இல்லாமல் பாறைக்கும் சாலைக்கும் நடுவே ஒரு சமரசம். மேம்படுத்துவது என்றாலே தடிப்பாக்குவது என்று நம் ஊரில்தான் பொருள் கொள்கிறோம். தாருக்கு அது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை:
ஆழியாறு, நீங்கள் இரண்டு அங்குலம் உயர்த்தியபோது லிங்க் ராடை மாற்றினீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள். வண்டியை உயர்த்தினால் சக்கரம் சட்டகத்திலிருந்து கீழே போகிறது; கம்பியின் கரமும் கீழ்நோக்கிச் சாய்கிறது. நின்ற நிலையில் கரம் ஏறக்குறையக் கிடைமட்டமாகவும், லிங்க் ராடு அதற்குச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். பழைய நீளத்திலேயே விட்டுவிட்டால் லிங்க் கோணலாக நிற்கும். உள்ள கம்பியே பாதி வேலைதான் செய்யும். அதன்மேல் தடித்த கம்பியைப் போடுவது, கோணல் கீலில் தேக்குக் கதவு மாட்டுவது மாதிரி.
சாயும் அளவு கம்பியின் பொறுப்பு. சாய்ந்து எழும் வேகம் ஷாக் அப்சர்பரின் பொறுப்பு. அம்மாவுக்குக் குமட்டுவது அந்த ஆட்டத்தால் என்று நினைக்கிறேன். கேரியரில் இருக்கும் நாற்பது கிலோ தண்ணீரையும் மறந்துவிடாதீர்கள். வண்டியிலேயே உயரமான இடத்தில் அதைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள்.
வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்தீர்களா என்பதையும் இப்போது கேட்டால் எல்லாரும் என்னை அடிக்க வருவீர்கள். கேட்கவில்லை.

ஆழியாறு நாற்பது:
லிங்க் ராடை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று உயர்த்திக் கொடுத்த இடத்தில் யாரும் சொல்லவுமில்லை. ஞாயிறு காலையில் அடியில் படுத்துப் பார்க்கிறேன்.

ஆழியாறு நாற்பது:
பார்த்துவிட்டேன். டார்ச்சுடன் முன்பக்கம் நுழைந்தேன். இடது லிங்க் ராடு பக்கவாட்டில் நன்றாகச் சாய்ந்து நிற்கிறது. மேல் மூட்டின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் செம்மண். கையால் பிடித்து ஆட்டினாலே டக் டக் என்று சத்தம். சட்டகத்தோடு கம்பியைப் பிடிக்கும் ரப்பர் புஷ் இரண்டும் வாய் பிளந்திருக்கின்றன. கம்பிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நகம் நுழைகிறது. வளைவு ஆரம்பிக்கும்போது வரும் சத்தத்தை இத்தனை நாள் கேரியரில் மண்வெட்டி ஆடுகிறது என்று நினைத்திருந்தேன்.

கமான் பட்டை:
அப்படியானால் நீ இத்தனை நாளும் கம்பி இல்லாமல்தான் ஓட்டியிருக்கிறாய். நல்லபடியாகத்தானே ஏறினாய்?

ஆழியாறு நாற்பது:
அம்மாவைக் கேட்டுச் சொல்லட்டுமா ஐயா?

ஆழியாறு நாற்பது:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். முன்னால் நீளமான லிங்க் ராடு, இரண்டு பக்கமும் புது புஷ். தண்ணீர் கேன்களைக் கீழே, பின்சீட்டின் பின்னால் வைத்துக் கட்டினேன். கம்பி பழையதுதான். நேற்று வால்பாறை போனோம். சத்தம் இல்லை. திரும்பும்போது முதலில் ஒரு தொங்கல் இருக்குமே, அது போய்விட்டது. சாய்வு முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அம்மா எலுமிச்சம்பழத்தை இருபத்தாறாவது வளைவில்தான் எடுத்தார்.

ஜிம்னி சித்தப்பா:
அடுத்து ஷாக் அப்சர்பர். கசிவு இருக்கிறதா பாருங்கள்.

தடித்த கம்பி:
மகிழ்ச்சி. ஆனால் இருபத்தாறிலிருந்து நாற்பது வரை இன்னும் பதினான்கு வளைவு இருக்கிறதே? அதற்குத்தான் 3 மி.மீ.