கோத்தகிரியில் உலக நடப்புக் கூட்டம் நடத்த என்னென்ன செய்ய வேண்டும்?

கோடநாடு ரோடு (கேள்வி)

வணக்கம். எங்கள் வாசகர் வட்டம் சார்பில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியுறவு, உலக நடப்பு பற்றி ஒரு பேச்சுக்கூட்டம் நடத்த நினைக்கிறோம். வரக்கூடியவர்கள் சிறு தேயிலை விவசாயிகள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். 60 பேர் உட்காரும் மண்டபம் இருக்கிறது. முதல் கூட்டத்துக்கு என்ன தலைப்பு வைக்கலாம்? பேச்சாளரை எப்படிப் பிடிப்பது? கேள்வி நேரம் கட்சிச் சண்டையாகிவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? "இந்த ஊர்ல உக்ரைனைப் பத்தி யார் வந்து கேட்பாங்க" என்று எங்களுக்குள்ளேயே சிலர் தயங்குகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர் ஏலம்

கேட்க வருவார்கள், பேச்சை உரக்கடையில் தொடங்கினால். தேயிலைக்குப் போடும் பொட்டாஷ் முழுக்க இறக்குமதிதான். ரஷ்யாவும் பெலாரஸும் அதைத் தோண்டி விற்பதில் முன்வரிசையில் இருக்கும் நாடுகள். 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதும் மூட்டை விலை ஏன் ஏறியது, சூரியகாந்தி எண்ணெய் ஏன் ஏறியது என்று ஆரம்பித்தால் மண்டபம் நிமிர்ந்து உட்காரும். பொருளாதாரத் தடை, கருங்கடல் துறைமுகம், ஐ.நா. வாக்கெடுப்பில் இந்தியா ஒதுங்கி நின்றது எல்லாம் அதற்குப் பிறகு தானாக வந்து சேரும். நேட்டோவின் வரலாற்றில் தொடங்கினால் பத்தாவது நிமிடத்தில் பாதிப் பேர் செல்போனைப் பார்ப்பார்கள்.

முதல் கூட்டத்துக்கு என் யோசனை: "நம் தேயிலை எந்தக் கடலைத் தாண்டிப் போகிறது?" சோவியத் ஒன்றியம் ரூபாய்க் கணக்கில் நம் தேயிலையை வாங்கியது, 1991-ல் அது உடைந்தபோது அந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது, 2023 கடைசியில் செங்கடலில் யேமனின் ஹூதி படையினர் தாக்குதல் தொடங்கியதும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனது, ஈரானுக்கு விற்றவர்களுக்குப் பணம் வராமல் நின்றது: இந்த நான்கே ஒரு பேச்சுக்குத் தாராளம்.

பசுந்தேயிலை

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். ஈரான் பெரும்பாலும் வாங்குவது ஆர்த்தடாக்ஸ் தேயிலை, அதாவது இலையை முறுக்கித் தயாரிப்பது. நம் சிறு விவசாயிகளின் பசுந்தேயிலை போகும் ஃபேக்டரிகளில் பெரும்பாலானவை சி.டி.சி., அதாவது இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய குருணைத் தூள் போடுகிறவை. "ஈரான் வாங்காததால்தான் உங்கள் இலைக்கு விலை இல்லை" என்று பேச்சாளர் நேர்கோடு போட்டுவிட்டால், முன்வரிசையில் இருக்கும் விவசாயி அங்கேயே மடக்குவார், அத்தோடு கூட்டம் சொன்ன மற்றதெல்லாம் நம்பிக்கை இழக்கும். சரியாகச் சொல்ல வேண்டியது இது: 2019 மே மாதம் இந்தியா ஈரானிய எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. எண்ணெய்க்குக் கொடுத்த ரூபாய் யூகோ வங்கிக் கணக்கில் சேர்ந்து, அதிலிருந்துதான் ஈரான் நம் ஏற்றுமதியாளர்களுக்குப் பணம் கொடுத்து வந்தது. வரவு நின்றதும் அந்த இருப்பு கரைந்தது. வெளியுறவுக் கொள்கை எப்படி ஒரு வங்கிக் கணக்கு வழியாக ஏற்றுமதியாளரைத் தொடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. நம் இலை விலையில் அதன் பங்கு எவ்வளவு என்பது தனிக் கேள்வி, அதைப் பேச்சாளரிடமே கேட்க வைக்கலாம்.

இரண்டாவது கூட்டத்துக்கு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தை எடுங்கள். 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தானது. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மீதி 1,50,000 பேர் 1974-ல் இந்திரா-சிறிமாவோ உடன்பாட்டில் ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்கள் 1968-ல் தொடங்கப்பட்டதே தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கம் அந்தக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்களை மேடையேற்றி அழவைக்காதீர்கள். முன்கூட்டியே போய்ப் பார்த்து, அவர்கள் கேட்க விரும்பும் கேள்விகளை வாங்கிப் பேச்சாளருக்கு அனுப்புங்கள். யாருடைய சம்மதமும் கேட்காமல் இரண்டு அரசுகள் தலையெண்ணிப் பிரித்துக்கொண்ட விஷயம் இது. அந்தக் குடும்பங்கள் முன்னால் பேசும்போது எண்ணிக்கையில் ஒரு பிழைகூட வரக்கூடாது.

மேட்டுப்பாளையம் வழி

பேச்சாளர் விஷயம். சென்னையிலிருந்து ஒரு கூட்டத்துக்காக மட்டும் ஒருவரை மலையேற்றுவது செலவும் அலைச்சலும். கோவையில் கல்லூரிகளுக்கு ஓய்வுபெற்ற தூதர்கள் அடிக்கடி வருகிறார்கள். வெளியுறவு அமைச்சகமே ஓய்வுபெற்ற தூதர்களைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பி உரை நிகழ்த்தும் திட்டம் வைத்திருக்கிறது. கோவைக் கல்லூரிகளின் அரசியல் அறிவியல், பொருளியல் துறைகளில் சொல்லிவைத்து, கோவை நிகழ்ச்சிக்கு மறுநாள் மேலே வரச் சொல்லிக் கேளுங்கள். அப்போது உங்கள் செலவு ஒரு கார், ஓர் இரவு தங்கல், சாப்பாடு, இயன்ற மதிப்பூதியம்.

ஆறு வாரம் முன்னால் கடிதம் போடுங்கள். அதில் யார் வருவார்கள், என்ன மொழி, பேச்சு 40 நிமிடம், கேள்வி 45 நிமிடம் என்று எழுதிவிடுங்கள். கேள்விக்கு நேரம் கூடுதல் என்பதை முதலிலேயே சொல்லாவிட்டால் 75 நிமிட உரையோடு வந்து நிற்பார்கள். ஆங்கிலத்தில் மட்டும் பேசுபவர் என்றால் மொழிபெயர்ப்புக்கே பாதி நேரம் போகும், அதனால் உரை 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். குறிப்புகளை ஒரு வாரம் முன்னால் மொழிபெயர்ப்பவர் கையில் கொடுத்துவிட வேண்டும். வெலிங்டனில் பணியில் இருக்கும் ராணுவ அதிகாரிகளைக் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள். பொது மேடையில் பேச அவர்களுக்கு மேலிட அனுமதி வேண்டும்.

தேதி: ஏப்ரல், மே வேண்டாம். சீசனில் போக்குவரத்தை ஒருவழியாக்குவார்கள், ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. வெளிமாவட்ட வண்டிக்கு இ-பாஸும் எடுக்க வேண்டும். அக்டோபர், நவம்பரில் கோத்தகிரி ரோட்டில் மண்சரிவு வரலாம். மண்டபத்துக்குத் தகர ஷீட் கூரை என்றால் மழை பிடித்த நிமிடம் மைக் இருந்தாலும் ஒன்றும் கேட்காது. பிப்ரவரி, மார்ச் நல்லது. ஹெத்தை அம்மன் பண்டிகை, முகூர்த்தம், பள்ளித் தேர்வு மூன்றையும் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். ஞாயிறு காலை சர்ச் நேரம், அதனால் இரண்டாம் சனி மதியம் 2 மணிக்குத் தொடங்கி 4 மணிக்குள் முடியுங்கள். மூன்றரைக்கு மேல் மிஸ்ட் இறங்கும், ஹட்டிகளுக்கு (படுகர் ஊர்களுக்கு) போகிறவர்களுக்குக் கடைசி பஸ் கவலை, இருட்டினால் கரடி, காட்டுமாடு பயம்.

கரண்ட் போகும் என்று எண்ணியே தயாராகுங்கள். புரொஜெக்டர் சுமார் 300 வாட், சிறிய ஆம்ப்ளிஃபயர் 100 வாட். 850 வி.ஏ. இன்வெர்ட்டரும் 150 ஏ.எச். பேட்டரியும் இருந்தால் கூட்டம் முடியும்வரை தாங்கும். லாம்ப் வைத்த புரொஜெக்டரை இன்வெர்ட்டரில் போடாமல் விட்டால், கரண்ட் போனதும் உள்ளே ஃபேன் நின்று சூடேறி, மறுபடி போட்டால் உடனே எரியாது. குடிக்கத் தண்ணீர் எவர்சில்வர் டம்ளரில். நீலகிரியில் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பது வெளியூர்ப் பேச்சாளருக்குத் தெரியாது. காரில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

துண்டுச்சீட்டு

கேள்வி நேரம்தான் கூட்டத்தின் உயிர், அதைக் காப்பாற்றுவது மைக் யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. நடமாடும் மைக்கைப் பார்வையாளர் கையில் கொடுக்கவே கூடாது. தன்னார்வலர் பிடித்துக்கொள்ள, கேட்பவர் பேசட்டும். இன்னும் பாதுகாப்பான வழி துண்டுச்சீட்டு: நாற்காலிக்கு ஒன்று, இரண்டு வரிக்கு மட்டும் இடம். பேச்சின் 30-வது நிமிடத்தில் சேகரித்து, ஒத்த கேள்விகளை அடுக்கி, நடத்துநர் மூன்று மூன்றாகப் படிக்க வேண்டும். முதல் இரண்டு சீட்டும் மாணவர்களுடையதாக இருக்கட்டும். பெரியவர்கள் தொடங்கினால் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். காரமான கேள்வியை ஒளிக்காதீர்கள். கச்சத்தீவு கண்டிப்பாக வரும். 1974, 1976 ஒப்பந்தங்களில் எந்த ஆண்டில் என்ன எழுதப்பட்டது என்று ஒரு பக்கக் குறிப்பை நடத்துநர் கையில் வைத்திருந்தால், "உங்க கட்சிதான் கொடுத்துச்சு" என்று குரல் எழும்போது பேச்சை ஒப்பந்தத்துக்குத் திருப்பலாம்.

உள்ளரங்கமானாலும் காவல் நிலையத்துக்குத் தகவல் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். வெளியே ஒலிபெருக்கி கட்டினால் எழுத்து அனுமதி கட்டாயம். தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

கோடநாடு ரோடு

மிக்க நன்றி. தேயிலைத் தலைப்பையே எடுக்கிறோம். இன்னொன்று: ஒரு வெளிநாட்டுத் துணைத் தூதரகத்திலிருந்து ஆள் அனுப்பி, மண்டபச் செலவையும் ஏற்றுக்கொள்வதாக ஒரு நண்பர் வழியாகச் சேதி வந்திருக்கிறது. ஒத்துக்கொள்ளலாமா?

துண்டுச்சீட்டு

ஆள் வரட்டும், பணம் வேண்டாம். வெளிநாட்டு அரசிடமிருந்து உங்கள் வட்டம் வாங்கும் தொகை வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010-க்குள் வரும். பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக்கூடாது, பொருளாக வாங்கினாலும் அதே கதைதான். வெளிநாட்டவர் இரவு தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை உரிய படிவத்தில் பதிய வேண்டும். வீட்டில் தங்கவைத்தாலும் இந்தப் பொறுப்பு உண்டு.

முக்கியமாக, அவருடைய ஸ்லைடுகளை இரண்டு நாள் முன்னால் வாங்கி வரைபடங்களைப் பாருங்கள். வெளிநாட்டில் தயாரான படங்களில் ஜம்மு காஷ்மீர், அக்சாய் சின், அருணாசலப் பிரதேச எல்லைகள் புள்ளிக்கோடாகவோ வேறு நிறத்திலோ இருக்கும். இந்திய நில அளவைத் துறை வரைபடத்துக்கு மாறான படத்தை வெளியிடுவது 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம். அந்தத் துறையின் இணையதளத்தில் சரியான படம் கிடைக்கும், இறக்கி அவருக்கு அனுப்பிவிடுங்கள். அழைப்பிதழில் உலக வரைபடம் அச்சடிப்பதாக இருந்தால் அதையும் அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் இதே மாதிரி சரிபாருங்கள்.