யூரியாக் கரைசலின் மூல் பின்னம்: எனக்கு 0.067, விடைத்தாளில் 0.081. எங்கே பிழை?

உரும்பிராய்ப் பிள்ளை:
வணக்கம். உயர்தரம் படிக்கிறேன். நேற்று இரவிலிருந்து ஒரே கணக்கோடு மினக்கெடுகிறேன். கேள்வி இதுதான்: யூரியாக் கரைசல் ஒன்றின் செறிவு லீற்றருக்கு 4 மூல். கரைசலின் அடர்த்தி மில்லிலீற்றருக்கு 1.06 கிராம். யூரியாவின் மூல் பின்னம் (கரைசலிலுள்ள மொத்த மூல்களில் யூரியாவின் பங்கு) என்ன?

நான் செய்தது: ஒரு லீற்றர் என்றால் 1000 கிராம் தண்ணீர். 1000ஐ 18ஆல் பிரித்தால் 55.56 மூல். யூரியா 4 மூல். நாலை 59.56ஆல் பிரித்தால் 0.067. விடைத்தாளில் 0.081 என்று இருக்கிறது. ரியூசனில் இதை வேகமாகச் செய்துவிட்டுப் போய்விட்டார்கள், நிறுத்திக் கேட்க முடியவில்லை. அடர்த்தியை எதற்குத் தந்திருக்கிறார்கள் என்பதே எனக்கு விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை சோதனை, யாராவது உதவி செய்யுங்கோ.

கொக்குவில் நண்பன்:
ஒரு லீற்றருக்குள் யூரியாவும் இருக்கிறதல்லவா? ஒரு மூல் யூரியா 60 கிராம், 4 மூல் என்றால் 240 கிராம். 1000இலிருந்து அதைக் கழித்தால் தண்ணீர் 760 கிராம், அதாவது 42.22 மூல். 4ஐ 46.22ஆல் பிரி. 0.087 வரும். 0.081க்குக் கிட்டத்தானே?

சாவகச்சேரி ரீச்சர்:
கிட்ட வந்தாலும் பிழை பிழைதான் தம்பி. ஆனால் யூரியாவைக் கழிக்க வேண்டும் என்று நினைத்தாயே, அது சரியான யோசனை. எதிலிருந்து கழிப்பது என்பதில்தான் தவறு. 1000 என்பது மில்லிலீற்றர், கனவளவு. 240 என்பது கிராம், திணிவு. இரண்டையும் கழிக்க முடியாது.

பிள்ளை, உன்னுடைய 0.067 தானாகவே பிழையைச் சொல்கிறது. நாலை 0.067ஆல் பிரித்துப் பார், ஏறத்தாழ 60 வரும். அதில் நாலு போக மிச்சம் 56 மூல் தண்ணீர், அது ஒரு கிலோ. அப்படியென்றால் கரைசல் முழுவதையும் நீ தண்ணீர் என்று எடுத்துவிட்டாய். விடையிலிருந்து இப்படித் திரும்பி நடந்து பார்க்கப் பழகு. சோதனையில் பெரிய உதவி.

இப்போது கரைசல் எப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்துப் பார். 240 கிராம் யூரியாவை முதலில் கொஞ்சத் தண்ணீரில் கரைக்கிறோம். குடுவையைத் தொட்டால் கை குளிரும், யூரியா கரையும்போது வெப்பத்தை உறிஞ்சும். அறை வெப்பநிலைக்கு வந்த பிறகுதான் கனமானக் குடுவையில் ஒரு லீற்றர்க் கோடு வரைக்கும் தண்ணீர் விடுகிறோம். ஒரு லீற்றர் தண்ணீருக்குள் யூரியாவைக் கொட்டவில்லை. யூரியா தன் இடத்தைப் பிடித்தது போக மிச்ச இடத்துக்குத்தான் தண்ணீர். அந்தத் தண்ணீர் எவ்வளவு என்று அறியத்தான் அடர்த்தி தந்திருக்கிறார்கள். 1000 மில்லிலீற்றர் கரைசலின் திணிவை முதலில் கண்டுபிடி. மிச்சத்தை நீயே செய்து எழுது.

உரும்பிராய்ப் பிள்ளை:
ரீச்சர், கரைசலின் திணிவு 1060 கிராம். அதில் யூரியா 240. தண்ணீர் 820 கிராம், 45.56 மூல். நாலை 45.56ஆல் பிரித்தேன். 0.088 வருகிறது! இப்போது கூடிப்போய்விட்டது.

அப்பாவின் வெங்காயத் தோட்டத்துக்கு வாங்கிய யூரியாப் பை வீட்டில் கிடக்கிறது. அதில் நைதரசன் 46% என்று போட்டிருக்கிறது. ஒரு மூல் யூரியாவில் நைதரசன் 28 கிராம், அதை 60ஆல் பிரித்தால் 46.7%. அதனால் மூலர்த் திணிவு 60 சரிதான் என்று நினைக்கிறேன்.

சாவகச்சேரி ரீச்சர்:
பையைப் பார்த்துச் சரிபார்த்தாயே, மிக நல்ல வேலை பிள்ளை. திணிவுப் பக்கம் முழுக்கச் சரி. கடைசி வரியில்தான் சறுக்கல். கரையத்தின் மூலைக் கரைப்பானின் மூலால் பிரித்திருக்கிறாய். அது வெறும் விகிதம். பின்னம் என்றால் கீழே மொத்தம் வர வேண்டும், கரையமும் உள்ளே சேர வேண்டும்.

உரும்பிராய்ப் பிள்ளை:
4ஐ 49.56ஆல் பிரித்தால் 0.0807!! தண்ணீருக்கு 45.56ஐ 49.56ஆல் பிரிக்க 0.9193. கூட்டினால் சரியாக 1. நன்றி ரீச்சர், நன்றி கொக்குவில் அண்ணா. ஒன்று மட்டும் கேட்கட்டுமா? யூரியாவுக்குப் பதிலாக உப்பு என்றால் இதே வழிதானா?

திருநெல்வேலி அண்ணா:
வழி அதுதான் தங்கச்சி, ஆனால் எதை எண்ணுகிறாய் என்பதில் கவனம். யூரியா கரைந்தாலும் மூலக்கூறாகவே இருக்கும். உப்பு சோடியம் அயன், குளோரைட்டு அயன் என்று இரண்டாகப் பிரியும். "சோடியம் குளோரைட்டின் மூல் பின்னம்" என்று கேட்டால் பொதுவாக சூத்திர அலகாகவே (இரண்டு அயன்களையும் சேர்த்து ஒன்றாக) எண்ணு. ஆவியமுக்கம் பற்றிக் கேட்டால் துணிக்கைகளை எண்ண வேண்டும், அங்கே ஒரு மூல் உப்பு இரண்டு மூலாகும்.

ஆனையிறவு உப்பளத்தை நினைத்துக்கொள். பாத்தியில் உப்புப் படியத் தொடங்கும்போது நீர் நிரம்பல் நிலைக்கு வந்துவிட்டது. நிரம்பிய தூய உப்புக் கரைசலில், 25 பாகையில், ஒரு கிலோ தண்ணீருக்கு ஏறத்தாழ 360 கிராம் உப்பு. அது 6.15 மூல். அப்படியே எண்ணினால் தண்ணீரின் மூல் பின்னம் 0.90. அயன்களாக எண்ணினால் 12.3 மூல், தண்ணீருக்கு 0.82. இரவோற்றின் விதிப்படி, இலட்சியக் கரைசலென்றால் ஆவியமுக்கமும் தூய நீரினதில் இதே 0.82 பங்காக இருக்க வேண்டும். ஆனால் அளந்து பார்த்தால் அந்தக் கரைசலின் மேலுள்ள ஆவியமுக்கம் தூய நீரினதில் ஏறத்தாழ 75 வீதம். இவ்வளவு செறிவான அயன் கரைசல் இலட்சியக் கரைசலாக நடப்பதில்லை, அதனால்தான் 0.82க்கும் கீழே இறங்குகிறது. பாத்தி நீர் தடிக்கத் தடிக்க மெதுவாக வற்றுவதும் இதனால்தான்.

உரும்பிராய்ப் பிள்ளை:
அப்போ இரவோற்றின் விதிக் கணக்கில் உப்பு வந்தால் 0.82ஆ, 0.75ஆ எழுதுவது?

திருநெல்வேலி அண்ணா:
இலட்சியமாக நடக்கிறது என்று கேள்வியில் சொல்லியிருந்தால் 0.82. அளந்த ஆவியமுக்கத்தைத் தந்திருந்தால் அதை வைத்துச் செய்.