காவலில் அடித்த அதிகாரி மீது வழக்குத் தொடர அரசின் அனுமதி வேண்டுமா?

பொருநைக்கரை கேட்டது:

என் சித்தப்பா மகனைத் திருட்டு வழக்கொன்றில் விசாரிக்க வேண்டுமென்று காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றவர்கள், இரண்டு நாள் கழித்தே நீதித்துறை நடுவர் முன் நிறுத்தினார்கள். பிறகு பதினைந்து நாள் சிறை. ஜாமீனில் வந்த பின்னும் அவனால் உள்ளங்காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பாதத்தின் ஓரத்தால் நடக்கிறான். அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர அரசின் அனுமதி வேண்டும், அது கிடைக்கவே கிடைக்காது என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். சட்டம் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறதா? எங்களுக்கு இழப்பீடு வேண்டாம். அடித்தவர் கூண்டில் ஏற வேண்டும்.

வழக்கறிஞர், மதுரை:

ஊரில் சொல்வது பாதிதான் உண்மை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆம் பிரிவும், இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218ஆம் பிரிவும், அலுவல் கடமையைச் செய்யும்போது செய்த செயலுக்கு மட்டுமே அந்தப் பாதுகாப்பைத் தருகின்றன. ஒப்புதல் வாங்குவதற்காக உள்ளங்காலில் அடிப்பது யாருடைய கடமையும் அல்ல. அதற்கு ஏழாண்டு வரை, கொடுங்காயம் என்றால் பத்தாண்டு வரை சிறை என்கிறது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவு. ஆனால் கடமையோடு தொடர்புடைய வரம்பு மீறலுக்கும் அனுமதி தேவை என்று கர்நாடக வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2020இல் கூறியிருப்பதால், எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுத்து வைக்கும். அப்படியே அனுமதி கேட்க நேர்ந்தாலும், 120 நாளில் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும் என்று புதிய சட்டம் சொல்கிறது. நான் பார்த்தவரை இத்தகைய வழக்குகள் அனுமதியில் அல்ல, சாட்சியத்தில்தான் சாகின்றன.

நெய்தல்:

வழக்கறிஞர் சொன்ன கடைசி வரி மிகவும் முக்கியம். தந்தையும் மகனும் காவலில் இறந்தது பற்றி 2020இல் சாத்தான்குளம் நிலையத்துக்கு விசாரணைக்குச் சென்ற நடுவர், கேமராப் பதிவுகள் அன்றன்றைக்கே தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். அவ்வாண்டு டிசம்பரில், எல்லா நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவைப் பதினெட்டு மாதம் வரை காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆகவே பதிவைப் பாதுகாக்கக் கோரும் மனுவை இன்றே கொடுங்கள். காவலில் காயம் ஏற்பட்டால் அதைக் காவலரே ஏற்படுத்தியதாக நீதிமன்றம் ஊகிக்கலாம் என்று சட்டத்தைத் திருத்தும்படி 1985இலேயே சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. இன்றுவரை அது சட்டமாகவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்ட இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை என்பது எனக்குத் தீராத வேதனை.

மலையடிவாரம்:

முடியாது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். 1992 ஜூனில் வாச்சாத்தி மலைவாழ் மக்களுக்கு நேர்ந்த, பெண்கள் மீதான பாலியல் வன்கொடுமை உள்ளிட்ட கொடுமைக்காக வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை என மூன்று துறையினரும் குற்றம் சாட்டப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. மற்ற 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. முப்பத்தொரு ஆண்டுகள் பாதிக்கப்பட்ட அந்தப் பெண்கள் தம் வாக்குமூலத்தில் அசையாமல் நின்றார்கள்.

பொருநைக்கரை:

அனைவருக்கும் நன்றி. ஓர் ஐயம். "அடித்தார்களா?" என்று நடுவர் கேட்டபோது, அடித்த காவலரே பக்கத்தில் நின்றதால் இவன் "இல்லை" என்று சொல்லிவிட்டான். அது வழக்கைக் கெடுத்துவிடுமா?

வழக்கறிஞர், மதுரை:

அந்த "இல்லை"யை நிச்சயம் உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். யார் எவ்வளவு அருகில் நின்றார் என்பதைப் புகாரிலேயே விரிவாக எழுதிவிடுங்கள். சிறைக்குள் எடுக்கும்போது அங்குள்ள மருத்துவர் உடலைப் பார்த்துக் காயங்களைக் குறித்துவைப்பது வழக்கம். அந்த நேரத்தில் காவல் நிலையத்தார் பிடியில் அவன் இல்லை. அந்தப் பதிவின் நகல் கேட்டு நாளையே மனுப் போடுங்கள்.